எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது?
ஒரு பழைய காரும் சில கேள்விகளும்

மேய்ஸ் ஹில் முருகன் ஆலயத்துக்கு வரும் அன்பர்கள் பலர், புதிய வாகனம் ஒன்றை வாங்கியதும் முதலில் அதைக் கோயில் வாசலுக்குக் கொண்டு வருவர். சில்லுகளுக்கு எலுமிச்சம்பழம் வைத்து, சந்தனம் குங்குமம் சாத்திப் பூசை செய்வித்த பின்னரே வீதியில் ஓட விடுவர். புது வாகனத்துக்குப் பூசை செய்வது நாம் எல்லோரும் அறிந்த வழக்கம். எழுபது வயதைத் தாண்டிய ஒரு காரைக் கொண்டு வந்து பூசை செய்விக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டால், அந்தக் கார் பழையதா புதியதா என்ற கேள்வி எழும். அந்தக் கேள்விதான் என்னைச் சில மாதங்களாக வாட்டி வந்தது. அதனை வாசகர்களோடு பகிர்ந்து கொள்ள விரும்புகிறேன்.

வீட்டின் பின்புறத்துக் கராஜில் ஓர் ஒஸ்ரின் ஏ 40 காரை வைத்து, வார இறுதி நாட்களில் பழுது பார்ப்பது எனது பொழுதுபோக்கு. 1947இல் இங்கிலாந்தின் லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையிலிருந்து வெளிவரத் தொடங்கிய இந்த இனம், 1,200 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் நான்கு சிலிண்டர்களும் உடையது. யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த எந்தக் குடும்பத்துக்கும் "ஏ நாற்பது" என்றால் விளக்கம் தேவையில்லை. சந்தியில் நிற்கும் வாடகைக் காரும் அதுதான், கலியாண மாப்பிள்ளை வந்திறங்கிய காரும் அதுதான், நடுச்சாமத்தில் பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடிய காரும் பெரும்பாலும் அதுதான். எனது தந்தையாரும் அத்தகைய கறுப்பு ஏ 40 ஒன்றின் சாரதி. எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது அந்தக் காரின் உழைப்பில்.

ஆகவே, சிட்னியில் ஒரு முதியவரின் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த ஏ 40 ஒன்று விலைக்கு வந்தபோது, என் மனம் எந்த வழியில் ஓடியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அதை வாங்கி, முற்றாகக் கழற்றி, கறுப்பு நிறம் பூசி, முன்பலகையில் அப்பாவின் காரில் இருந்தது போலவே பித்தளை வேல் ஒன்றைப் பொருத்தி, அப்பாவின் காரை மீண்டும் உண்டாக்குவது என்று தீர்மானித்தேன். கதவுகளைக் கழற்றி வைத்திருந்த ஒரு சனிக்கிழமை, உயர்தர வகுப்பில் படிக்கும் என் மகள் தேநீரோடு வந்தாள். சிறிது நேரம் பார்த்துக் கொண்டு நின்றுவிட்டு, "அப்பா, இது அப்பப்பான்ர கார் இல்லைத்தானே? எல்லாத்தையும் மாத்தி முடிச்சாப் பிறகு இது ஆற்ற கார்?" என்று கேட்டாள். நான் விளையாட்டாக ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஆனால் அன்று இரவு நித்திரை வரவில்லை.

பழைய கேள்வி, புதிய வழக்கு

பிள்ளை கேட்டது புதிய கேள்வி அன்று. கிரேக்க வீரன் தீசியஸ் ஏறி வந்த கப்பலை ஏதென்ஸ் நகரத்தார் பல தலைமுறைகளாகப் பேணி வந்தனர் என்றும், உக்கிய பலகைகளை ஒவ்வொன்றாக அகற்றிப் புதிய பலகைகளைப் பொருத்தி வந்தனர் என்றும், அது அதே கப்பல்தானா என்று தத்துவ ஞானிகள் வாதிட்டனர் என்றும் புளூட்டார்க் எழுதி வைத்துள்ளார். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் தோமஸ் ஹொப்ஸ் இதில் மேலும் ஒரு முடிச்சுப் போட்டார். கழற்றி வீசிய பழைய பலகைகளை ஒருவன் சேர்த்து வைத்து, அவற்றைக் கொண்டு இன்னொரு கப்பலைக் கட்டினால், இரண்டில் எது தீசியஸின் கப்பல் என்பது அவரது வினா.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் என்று தள்ளிவிட முடியாது. 1990இல் இதே வினா இலண்டன் உயர்நீதிமன்றத்தின் முன் ஒரு காரின் வடிவில் வந்து நின்றது. 1929, 1930 ஆகிய இரு ஆண்டுகளிலும் பிரான்சில் நடைபெறும் லெ மான் 24 மணிநேரப் போட்டியில் வென்ற "ஓல்ட் நம்பர் வன்" என்னும் பென்ட்லி காரை, ஒரு கோடி பவுணுக்கு வாங்க ஒரு நிறுவனம் உடன்பட்டது. பின்னர், "இது அந்தக் கார் அன்று, பாகங்கள் ஏறக்குறைய எல்லாமே மாறிவிட்டன" என்று கூறிப் பின்வாங்கியது. உண்மையிலேயே 1930ஆம் ஆண்டுக் காரில் எஞ்சியிருந்தவை கியர் பெட்டியின் கூடு, ஸ்ரியறிங் தண்டு, மிதிகட்டையின் அச்சு ஆகிய சிலவே. ஆனால் அந்தக் கார் ஒருநாளும் அழிந்து போகவில்லை, ஒருநாளும் வேறொரு காராக மாறவுமில்லை. பாகங்கள் மாற மாற அதே காராகவே தொடர்ந்து வந்தது என்று நீதிபதி ஒட்டன் கண்டார். "ஆதியில் இருந்தபடியே இருக்கும் கார்" என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் "உண்மையான ஓல்ட் நம்பர் வன்" என்று சொல்லலாம் என்பது அவரது தீர்ப்பின் சாரம்.

அதாவது, ஒரு பொருள் அதே பொருளாக இருப்பதற்கு இரும்பும் மரமும் மாறாதிருக்க வேண்டியதில்லை; அறுபடாத வரலாறு போதும். இந்தத் தீர்ப்பை வாசித்ததும் எனக்கு முதலில் மகிழ்ச்சி உண்டாயிற்று. பின்னர் யோசித்துப் பார்த்தபோது, அது எனக்குச் சாதகமான தீர்ப்பு அன்று என்பது புரிந்தது. வரலாறுதான் முக்கியம் என்றால், என் கராஜில் நிற்கும் காரின் வரலாறு அவுஸ்திரேலியக் குடும்பம் ஒன்றின் வரலாறு. அப்பாவின் காரின் வரலாறு வேறு. கறுப்பு நிறம் பூசினால் நிறம் மாறுமே தவிர வரலாறு மாறாது.

ஆலயம் கற்பிப்பது

இந்த இடத்தில் எமது ஆலய மரபை நினைத்துப் பார்ப்பது நல்லது. புதுப்பித்தல் என்ற விடயத்தில் எம்மவர்க்கு இருக்கும் அனுபவம் மிகப் பழையது. புதிதாக அமைந்த ஆலயத்துக்குச் செய்யும் கும்பாபிஷேகம் ஆவர்த்தனம் எனப்படும். 1999இல் எமது மேய்ஸ் ஹில் ஆலயத்தில் நடைபெற்ற குடமுழுக்கு அத்தகையது. ஏற்கெனவே உள்ள ஆலயத்தைத் திருத்தி அமைத்துச் செய்வது புனராவர்த்தனம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு தடவை அதனைச் செய்வது வழக்கம். விக்கிரகத்தையும் பீடத்தையும் பிணைத்து நிற்கும் அட்டபந்தன மருந்தும் காலப்போக்கில் தளர்ந்துவிடும். அதை அகற்றிப் புதிய மருந்து சாத்துவர்.

திருத்த வேலை தொடங்கும் முன் பாலஸ்தாபனம் செய்வர். மூலவரின் சாந்நித்தியத்தைக் கும்பத்தில் ஆவாகனம் செய்து, பாலாலயத்தில் எழுந்தருளச் செய்து, அங்கே நித்திய பூசையைத் தொடர்வர். கட்டடத்தின் மேல் சாரம் கட்டியிருக்கும், சுதை உதிர்ந்து கிடக்கும், வர்ணம் சுரண்டப்பட்டிருக்கும். ஆனால் பூசை ஒருநாளும் நிற்பதில்லை. வேலை முடிந்ததும் சாந்நித்தியம் மீண்டும் மூலஸ்தானத்துக்குச் செல்கிறது. கல்லும் சுண்ணாம்பும் புதியவை, கோயில் பழையது. இதில் எந்த அடியாருக்கும் குழப்பம் வருவதில்லை.

நல்லூரை நினைத்துப் பாருங்கள். 1621இல் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் டி ஒலிவேரா நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்துத் தரைமட்டமாக்கினார். இன்று நாம் வணங்கும் கோயில் 18ஆம் நூற்றாண்டில், ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில், குருக்கள் வளவில் அமைந்தது. கல் வேறு, கட்டடம் வேறு, நின்ற இடமும் வேறு. இருந்தும் நல்லூரான் வேறு என்று எந்த யாழ்ப்பாணத்தவரும் சொல்லமாட்டார். இடைப்பட்ட நூறாண்டுக்கு மேற்பட்ட காலத்தில் அழியாதிருந்தது மக்களின் நினைவும் வழிபாடும் மாத்திரமே.

ஆனால் ஆலயத்துக்கும் காருக்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு என்பதை மறைக்கக் கூடாது. ஆலயத்தில் எழுந்தருளியிருப்பவர் இறைவன். காரில் யார் இருக்கிறார்? சைவசித்தாந்தம் உலகப் பொருட்களைச் சடம் என்று கூறுகிறது. சடம் தன்னைத் தான் அறியாது, அறிவது உயிர். உடல் மாறினும் உயிர் தொடரும் என்று நாம் நம்புகிறோம். ஆனால் ஒஸ்ரின் காருக்கு உயிர் இல்லை. எனவே அது "அதே கார்" என்பதை அறிந்து வைத்திருப்பது காரன்று; அதை ஓட்டியவர்களும் அதில் ஏறியவர்களும்தாம். காரின் கதை காரிடம் இல்லை, எம்மிடம் இருக்கிறது. அப்படியானால் அந்தக் கதையை உண்மையாக வைத்திருக்கும் பொறுப்பும் எம்முடையதே. பொய்யாக்கும் வாய்ப்பும் எம்மிடமே உள்ளது. பழுது பார்த்தல் என்பது கைவேலை மாத்திரமன்று, ஒழுக்கம் சார்ந்த செயலும் ஆகும் என்று நான் கூறுவது இதனாலேயே.

நேர்மையான பழுது, நேர்மையற்ற பழுது

ரிங்கர் வேலை தெரிந்தவர்களுக்கு இது நன்கு விளங்கும். துருத் தின்ற தகட்டை வெட்டி எடுத்து, நல்ல தகட்டை ஒட்டி, அதன் மேல் மெல்லிய புட்டி பூசித் தேய்ப்பது ஒரு முறை. துருவை அப்படியே விட்டு, அதன் மேல் தடித்த புட்டியை அப்பி மினுக்குவது இன்னொரு முறை. வெளியில் பார்க்க இரண்டும் ஒன்று. முதலாவது பழுது பார்த்தல், இரண்டாவது ஏமாற்று. இரண்டு மழைக்காலம் கழிந்ததும் உண்மை வெளிவரும். ஆனால் அதற்குள் கார் வேறொருவர் கைக்கு மாறியிருக்கும்.

பழைமையைப் பேணுவோர் இதற்கு விதிகள் வகுத்துள்ளனர். பழைய கட்டடங்களுக்கும் இடங்களுக்குமாக 1979இல் தென் அவுஸ்திரேலியாவின் பரா என்னும் சுரங்க நகரில் உருவான பரா சாசனம் அவற்றுள் ஒன்று. தேவையான அளவு மாற்று, ஆனால் இயன்றவரை குறைவாக மாற்று என்பது அதன் அடிப்படை. புதிய பொருளைச் சேர்க்காமல் பழைய நிலைக்குக் கொண்டு வருவதை ஒரு பெயராலும், புதிய பொருளைச் சேர்த்து மீளக் கட்டுவதை வேறொரு பெயராலும் அது அழைக்கிறது. இரண்டையும் அது தடை செய்யவில்லை. இரண்டையும் ஒன்றென்று சொல்லாதே என்பதே அதன் நோக்கம். பழைய வாகனங்களுக்கான உலகச் சம்மேளனமும் 2013இல் தூரின் சாசனம் என்ற பெயரில் இத்தகைய நெறிகளை வகுத்தது. எமது நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலும், 30 வருடங்களுக்குக் குறையாத வாகனங்களுக்குச் சலுகைப் பதிவு உண்டு. ஆதி நிலைக்கு இயன்றவரை அண்மையில் இருப்பவற்றை ஒரு திட்டத்தின் கீழும், மாற்றங்கள் செய்யப்பட்டவற்றை வேறொரு திட்டத்தின் கீழும் பதிகிறார்கள். மாற்றியதை மாற்றியது என்று சொல் என்பதே இங்கும் விதி.

அதற்காக ஆதி நிலை என்பதையே கடவுளாக்கிக் கும்பிடவும் கூடாது. அக்காலத்துப் பிறேக் பட்டைகளில் அஸ்பெஸ்ரஸ் இருந்தது. அது நுரையீரலுக்கு நஞ்சு என்று தெரிந்து, 2003ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து அவுஸ்திரேலியாவில் முற்றாகத் தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய பூச்சுக்களில் ஈயம் உண்டு. முகமூடி இல்லாமல் தேய்ப்பவர் தன் பிள்ளைகளுக்கும் சேர்த்துத் தீங்கு செய்கிறார். துணி சுற்றிய மின்கம்பிகள் உரிந்து, எந்த நேரமும் தீப்பிடிக்கலாம். ஏ 40இல் ஆசனப்பட்டி கிடையாது. ஆதியில் இருந்தது என்பதற்காக இவற்றையெல்லாம் வைத்திருப்பது பக்தியன்று, பிடிவாதம். உயிருக்கு ஆபத்தானது எதுவோ அது எத்தனை பழைமையானாலும் மாற வேண்டியதே. பின்னப்பட்ட விக்கிரகத்தை மூலஸ்தானத்தில் வைத்துப் பூசிக்க எமது மரபும் இடம் தருவதில்லை.

காயத்தை மறைக்கலாமா?

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. தழும்பு எதற்கும் இடையூறு செய்யாவிட்டால், அதை அகற்றலாமா?

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியில் தொடங்கிய வன்செயலில், யூன் மாதம் முதலாம் திகதி அதிகாலைக்குள் எரிந்து போயிற்று. 97,000 நூல்கள் வரை அழிந்தன. பின்னாளில் அதை மீளக் கட்டும் பேச்சு வந்தபோது எம்மவரிடையே இரு கருத்துகள் நிலவின. எரிந்த சுவர்களை அப்படியே சாட்சியாக விட்டுவிட்டுப் பக்கத்தில் புதிய நூலகம் கட்ட வேண்டும் என்றனர் ஒரு சாரார். வெள்ளை பூசினால் நடந்தது நடவாதது போலாகிவிடும் என்பது அவர்களின் அச்சம். எமது பிள்ளைகளுக்கு வேண்டியது வாசிப்பதற்கு ஒரு நூலகம், பார்த்து அழுவதற்கு ஒரு இடிபாடு அன்று என்றனர் மற்றோர். இறுதியில், 2000களின் தொடக்கத்தில் பழைய தோற்றத்திலேயே அது சீரமைக்கப்பட்டது. இன்று அங்கே பிள்ளைகள் படிக்கிறார்கள். அது நல்லதே. ஆனால் அந்த வெண்ணிறச் சுவரைப் பார்க்கும் பிள்ளைக்கு, அது ஒருநாள் கரியாய் நின்றது என்று யாராவது சொல்ல வேண்டும். சுவர் சொல்லாது. பழுது பார்க்கப்பட்ட பொருள் தன் காயத்தைத் தானே பேசும் ஆற்றலை இழந்து விடுகிறது. பழுது பார்த்தவர் அதற்காகப் பேசும் கடமையை ஏற்கிறார். இரு சாராரிடமும் நியாயம் இருந்தது என்பதே எனது எண்ணம்.

மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்

எனது தந்தையாரின் காருக்குத் திரும்பி வருகிறேன். 1990இல் போர் மீண்டும் மூண்ட பின்னர், யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல், பற்றரி உட்படப் பல பொருட்கள் வருவது தடைப்பட்டது. புதிய யப்பானிய வாகனங்கள் பல ஓட வழியின்றி நின்றன. அப்போது வீதியைக் காப்பாற்றியவை ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் மொறிஸ் ஒக்ஸ்போட்டும்தாம். அக்காலத்து இயந்திரங்களின் அமுக்க விகிதம் குறைவு. ஏழுக்கு ஒன்று என்ற அளவில் இருக்கும். ஆகையால் தரம் குறைந்த எரிபொருளையும் அவை தாங்கின. மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் ஆவியாகாது. எனவே, ஒரு சிறு போத்தலில் பொன்போலப் பாதுகாத்த பெற்றோலிற் சிறிது காபரேற்றருக்குள் விட்டு, காரை முன்பக்கக் கைபிடியால் சுற்றிக் கிளப்பி, இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் புகை கிளம்பும். வால்வுகளில் கரி படியும். எரியாத எண்ணெய் கீழே இறங்கி இயந்திர எண்ணெயை நீர்த்துப் போகச் செய்யும். அடிக்கடி கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். இருந்தும் ஓடின.

அந்தக் கார்களில் ஆதி நிலை என்று எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. ஒரு காரின் கியர் பெட்டி இன்னொரு காரில் இருக்கும். லொறி ரயரில் வெட்டிய றப்பர்த் துண்டு புஷ் ஆக இருக்கும். தகரப் பேணி வெட்டி ஒட்டிய புகைக்குழாயும் கண்டிருக்கிறேன். இங்குள்ள காட்சிப் போட்டிகளுக்கு அவற்றைக் கொண்டு வந்தால், நடுவர் முதற் பார்வையிலேயே ஒதுக்கி விடுவார். ஆனால் 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமமே இடம்பெயர்ந்த அந்த இரவில், அப்பாவின் கார் நடக்க முடியாத அயலவர்களை ஏற்றிக்கொண்டு, நாவற்குழிப் பாலத்தை நோக்கி அந்தச் சனசமுத்திரத்துக்குள் அடி அடியாய் ஊர்ந்தது. தென்மராட்சியில் அவர்களை இறக்கியதோடு அதன் இயந்திரம் நின்றது. பின்பு அது வீடு திரும்பவேயில்லை. எனக்குத் தெரிந்த கார்களில் தன் வேலையை முழுமையாகச் செய்த கார் அதுதான். அதன் பாகங்களில் எத்தனை உண்மையானவை என்று அன்று யாரும் கேட்கவில்லை.

இதிலிருந்து நான் விளங்கிக் கொண்டது இது: ஒரு பொருளைத் தொடரச் செய்வது அதன் இரும்பு அன்று, அதன் வரலாறு மாத்திரமும் அன்று, அது செய்யும் தொண்டும் அதனோடு சேர்கிறது. பாலாலயத்தில் பூசை தொடர்வதும் மண்ணெண்ணெயில் கார் ஓடியதும் என் மனத்தில் அருகருகே நிற்கின்றன. இரண்டையும் ஒப்பிடுவது அபசாரம் என்று யாராவது நினைத்தால் மன்னிக்கவும்.

இது வீண் செலவா?

ஓர் அன்பர் என்னிடம் நேரிலேயே கேட்டார்: "அண்ணை, உந்தத் தகரத்துக்குக் கொட்டிற காசை ஊரில ஒரு பிள்ளையின்ர படிப்புக்கு அனுப்பலாமே?" இதற்கு வாயடைக்கும் பதில் என்னிடம் இல்லை. கேள்வி நியாயமானது. இப்போது உதிரிப்பாகத்துக்கு ஒரு தொகை செலவிட்டால் அதே தொகையை ஊருக்கும் அனுப்புவது என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். இதனால் வேலை மெதுவாக நடக்கிறது, அதில் நட்டமொன்றுமில்லை.

ஆனால் மறுபக்கமும் உண்டு. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையத்தை நடத்திய சார்ள்ஸ் வெயர் என்பவர், கார் என்பது சில ஆண்டுகளில் தூக்கி எறிய வேண்டிய பொருளன்று, முறையாகப் பழுது பார்த்தால் வாழ்நாள் முழுவதும் உழைக்கும் பொருள் என்று வாதிட்டு வந்தார். 1990களில் மொறிஸ் மைனருக்கான உடற்தகடுகளை இலங்கையிலேயே செய்விக்கும் முயற்சியிலும் ஈடுபட்டார். பழைய இயந்திரத்தின் புகை இன்றைய காற்றுக்கு நல்லதன்று என்பது உண்மை. நாளாந்தம் ஓட்டுவதற்கு அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஆனாலும் உடைந்ததை எறியாமல், ஏன் உடைந்தது என்று பொறுமையாகப் பார்க்கும் பழக்கம் மனிதருக்கு நல்லது. கராஜுக்கு வரும் இளைஞர் இருவர், பாடசாலையில் கற்காத பொறுமையை அந்தக் காபரேற்றரிடம் கற்றார்கள் என்று அவர்களின் தாய்மாரே சொல்கிறார்கள்.

ஆசனத்துக்குக் கீழே

முடிவு எப்படி வந்தது என்று கூறி நிறுத்துகிறேன். பின் ஆசனத்தைக் கழற்றியபோது அதன் பின்னாலிருந்த பலகையில் பென்சிலால் எழுதிய ஒரு பட்டியலைக் கண்டோம். கட்டூம்பா, கியாமா, பாதேர்ஸ்ற் என்று ஊர்ப் பெயர்கள். பக்கத்தில் மைல் கணக்கு, ஆண்டு. முதல் வரிகள் பெரியவர் ஒருவரின் எழுத்து. 1961க்குப் பின் ஒரு குழந்தையின் கோணல் எழுத்து. ஒரு குடும்பம் தன் விடுமுறைகளை அங்கே குறித்து வைத்திருந்தது. எனது திட்டப்படி அந்தப் பலகை குப்பைக்குப் போக வேண்டியது. புதிய பலகையை ஏற்கெனவே வெட்டி வைத்திருந்தேன்.

மகளும் நானும் அதை நெடுநேரம் வாசித்தோம். எனது தந்தையின் நினைவை மீட்க நான் இன்னொரு தந்தையின் நினைவை அழிக்கப் புறப்பட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. எமது வீடுகளையும் ஊர்களையும் நூலகத்தையும் இழந்த நாம், பிறர் வாழ்ந்த தடத்தைத் துடைப்பதில் எத்தனை கவனமாக இருக்க வேண்டும்! நாம் வந்து குடியேறிய இந்தப் பரமற்றா மண்ணும் டாருக் மக்களின் பழைய மண் என்பதை நினைத்துப் பார்த்தால் இது இன்னும் ஆழமாகப் புரியும். எமக்கு முன்னும் இங்கே கதைகள் இருந்தன.

கறுப்பு நிறம் பூசவில்லை. கார் தன் இளம் பச்சை நிறத்திலேயே நிற்கிறது. பிறேக், மின்கம்பி, ரயர் யாவும் புதியவை. புதியவை என்று ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வைத்திருக்கிறேன். ஆசனப்பட்டியும் பூட்டினேன். வலது மட்காட்டில் இருந்த நெளிவை எடுக்கவில்லை. அப்பாவின் பித்தளை வேல் என்னிடம் இருக்கிறது. முன்பலகையைத் துளைக்காமல், விரும்பினால் நாளை கழற்றக் கூடியதாக, நூலில் கட்டித் தொங்க விட்டிருக்கிறேன். இது அப்பப்பாவின் கார் அன்று என்று மகளுக்குச் சொன்னேன். அப்பப்பாவின் காரைப் பற்றி நாம் பேசுவதற்கு ஓர் இடம் என்றும் சொன்னேன்.

எமது பிள்ளைகளைப் பற்றியும் இவ்வாறே நினைக்கத் தோன்றுகிறது. நாம் கொண்டு வந்த தமிழும் சைவமும் அவர்களிடத்தில் ஆதி நிலையில் இல்லையே என்று வருந்துகிறோம். சில பாகங்கள் மாறித்தான் இருக்கின்றன. ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் மினுங்குவதை விட, மாற்றிய பாகங்களோடு வீதியில் ஓடுவது மேல் அல்லவா? எதை மாற்றினோம் என்பதை மறைக்காமலிருந்தால் போதும். ஓட்டம் நிற்காமலிருந்தால் போதும்.

சென்ற மாதம் அந்தக் காரை ஆலயத்துக்குக் கொண்டு வந்தோம். குருக்கள் ஐயா சிரித்தபடியே பூசை செய்து வைத்தார். நான்கு சில்லுகளும் நான்கு எலுமிச்சம்பழங்களை நசித்தன. வீடு திரும்பிய பின் மகள் ஒரு பென்சிலை எடுத்து, பின்னாசனத்தைத் தூக்கி, அந்தப் பட்டியலின் கடைசி வரிக்குக் கீழே, தமிழில், சற்றுக் கோணலாக எழுதினாள்: மேய்ஸ் ஹில், முருகன் கோயில். பக்கத்தில் மைல் கணக்கையும் ஆண்டையும் போட்டாள்.